சூரியத் தகடு கடைசியில்: வீட்டுத்திட்ட வீட்டின் வெக்கையையும் மின்கட்டணத்தையும் குறைக்கும் ஒழுங்கு

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சுனாமிக்குப் பின்னரோ யுத்தத்துக்குப் பின்னரோ கட்டிக் கொடுக்கப்பட்ட வீட்டுத்திட்ட வீடொன்றில் நீங்கள் குடியிருந்தால், அந்த வீட்டின் குணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏறத்தாழ 500 சதுர அடி, சீமெந்துக் கல் சுவர், அஸ்பெஸ்டஸ் தகடு அல்லது ஓடு, ஒரு முழம்கூட வெளியே நீளாத தாழ்வாரம், வளவில் மரமில்லை. பங்குனி தொடங்கி ஆவணி வரை பின்னேரம் மூன்று மணிக்கு உள்ளே இருக்க முடியாது. இரவு பத்து மணிக்கும் மேற்குச் சுவரில் கை வைத்தால் சூடு தெரியும். அதனால் மின்விசிறி இரவு முழுவதும் சுற்றுகிறது, மின்பட்டியல் ஏறுகிறது.

இதைச் சரிசெய்யப் புறப்பட்ட நான் முதலில் செய்தது சூரிய மின்தகடு விற்பவரிடம் 50,000 ரூபா முற்பணம் கட்டியதுதான். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். விண்ணப்பம் திரும்பி வந்தது, ஏனென்றால் மின்கணக்கு காலமாகிவிட்ட என் மாமனாரின் பெயரில் இருந்தது. அதைச் சரிசெய்து முடித்தபோது, கூரையில் ஏறிப் பார்த்தவர் சிலாகைகளைக் கறையான் தின்றிருப்பதாகவும் இந்தக் கூரை தகட்டின் பாரத்தைத் தாங்காது என்றும் சொல்லி இறங்கிவிட்டார். எட்டு மாதம் கழிந்தது, முற்பணத்தில் பாதிதான் திரும்பக் கிடைத்தது. பின்னர் தலைகீழாகத் தொடங்கி, பத்திரம், மானி, கூரை, உபகரணம் என்று ஒவ்வொன்றாகச் செய்தபோது, எங்கள் வீட்டுக்குச் சூரியத் தகடே தேவையில்லை என்று தெரிந்தது. நீங்கள் அந்த எட்டு மாதத்தை இழக்காமலிருக்க, செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் பத்திரங்கள்

சுவருக்கு வெள்ளை அடிப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆனால் கடன் எடுக்கவும், மின்இணைப்பில் மாற்றம் செய்யவும், வீட்டைக் கூட்டிக் கட்டவும் வீடு யாருடையது என்பதற்குக் கடதாசி வேண்டும். நம் பகுதியின் வழக்கம் இங்கே ஒரு சிக்கலை உண்டாக்கியிருக்கிறது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது, மருமகன் வந்து குடியிருக்கிறார், ஆனால் வீட்டுத்திட்டப் பதிவேடு, காணி அனுமதிப்பத்திரம், மின்கணக்கு, தண்ணீர்க் கணக்கு யாவும் தாய் அல்லது தந்தையின் பெயரிலேயே இருந்துவிடுகின்றன. அவர்கள் உயிரோடு இருக்கும்வரை அது யாருக்கும் உறைப்பதில்லை.

ஆகவே உங்கள் கையிலிருப்பது எது என்று முதலில் பாருங்கள். அறுதி உறுதி (முழு உரிமை தரும் பத்திரம்) என்றால் வேலை இலகு. அரச காணி அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்பு என்றால், அதில் பின்னுரித்தாளர், அதாவது உரிமையாளருக்குப் பின் காணியைப் பெறுபவர், பெயர் பதியப்பட்டிருக்கிறதா என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் உறுதிப்படுத்துங்கள். பதியப்படாமல் உரிமையாளர் காலமாகியிருந்தால், யாருக்கு உரிமை என்பதைக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படியே தீர்மானிப்பார்கள். முன்பு அதில் ஆண் வாரிசுக்கு இருந்த முன்னுரிமை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துடன் நீங்கியிருப்பதால், பெண்பிள்ளைகள் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். ஒரு கடதாசியும் கையில் இல்லாமல், பயனாளிகள் பட்டியலில் பெயர் மட்டும் இருப்பவர்கள், குடியிருப்பை உறுதிப்படுத்தும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தைப் பெற்று, பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுவே பல இடங்களில் முதற்கட்டத்துக்குப் போதுமானதாக இருந்தது.

மின்கணக்கின் பெயரை மாற்றுவதற்கு எங்கள் பகுதி மின் அலுவலகத்தில் என்னிடம் கேட்டவை: விண்ணப்பப் படிவம், தேசிய அடையாள அட்டையின் பிரதி, உரிமைக்கான பத்திரம், மாமனாரின் மரணச் சான்றிதழ், என் மனைவியின் பிறப்புச் சான்றிதழ், ஏனைய பிள்ளைகளின் சம்மதக் கடிதம், நிலுவையில்லாமல் கட்டிய கடைசிப் பட்டியல். எல்லாவற்றிலும் மும்மூன்று பிரதிகள் எடுங்கள். மூலப்பிரதியை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள். பெயர் எழுத்துப் பிழைதான் இங்கே பெரிய பொறி. அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் பெயர் இருந்தால், இருவரும் ஒருவரே என்ற சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவானிடம் முன்கூட்டியே முடித்துக்கொண்டு போங்கள்.

காலக்கணக்கு: எங்களுக்குப் பெயர் மாற்றத்துக்கு ஆறு வாரங்கள் சென்றன. அதில் நான்கு வாரம், காணி உத்தியோகத்தர் வெளிக்களத்தில் இருந்த நாட்களில் நான் போய்த் திரும்பியதால் வீணானது. அலுவலகத்தின் பொதுமக்கள் தினத்தைத் தொலைபேசியில் கேட்டு அறிந்து போங்கள். உங்கள் கிராமத்தில் நடமாடும் சேவை நடக்குமானால் அன்றைக்கு ஒரே கூரையின் கீழ் பாதி வேலை முடிந்துவிடும்.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். அங்கே கூரையும் வெளிச்சுவரும் எல்லோருக்கும் பொது. முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் சம்மதமில்லாமல் அவற்றில் கை வைக்க முடியாது. அப்படியொரு அமைப்பு உங்கள் மாடியில் இயங்கவில்லை என்றால் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையில் விசாரியுங்கள். கீழேயுள்ள 2, 3, 6ஆம் படிகளை மட்டும் நீங்கள் தனியாகச் செய்யலாம்.

2. மானியை ஒரு மாதம் வாசியுங்கள்

ஒரு கொப்பியை மானிப் பெட்டிக்கு அருகில் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு இலக்கத்தை எழுதுங்கள். இதற்குச் செலவில்லை. இதைச் செய்யாமல் பணம் செலவழிப்பவர், வைத்தியரிடம் காட்டாமல் மருந்து வாங்குபவரைப் போன்றவர்.

எழுதுவதற்கு முன் கட்டண அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். அலகு விலை அடிக்கடி மாறுவதால் அதை நான் இங்கே தரவில்லை. ஆனால் அமைப்பு முக்கியம். வீட்டுப் பாவனைக்கு மாதம் 60 அலகு என்பது ஒரு எல்லைக்கோடு. அதற்குள் நிற்பவருக்கு ஒரு அட்டவணை, அதைத் தாண்டுபவருக்கு வேறு அட்டவணை. தாண்டியவருக்கு 61ஆவது அலகு மட்டுமல்ல, முதலாவது அலகிலிருந்தே விலை மாறுகிறது. நிலையான கட்டணமும் ஏறுகிறது. பிறகு 90, 120, 180 என்று படிகள் உண்டு. ஆகவே 85 அலகு பாவிப்பவர் 25 அலகைக் குறைத்தால் அவருக்குக் கிடைப்பது அந்த 25 அலகின் பெறுமதி மட்டுமல்ல.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 60 என்பது 30 நாளுக்கான கணக்கு. மானி வாசிப்பவர் 34 நாளில் வந்தால் எல்லையும் அதே விகிதத்தில் நகர வேண்டும். பட்டியலில் உள்ள இரண்டு வாசிப்புத் திகதிகளையும் பாருங்கள், நாட்களை எண்ணுங்கள். படலை பூட்டியிருந்து உத்தேசமாக வாசிப்பு எழுதப்பட்டிருந்தால், உங்கள் கொப்பியின் இலக்கத்தையும் மானியின் படத்தையும் கொண்டுபோய்க் காட்டலாம். எங்கள் கொப்பி ஒருமுறை அப்படி உதவியிருக்கிறது.

இன்னொரு கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். புதிய மானிகளில் சிவப்பு விளக்கொன்று மின்னும், ஒரு அலகுக்கு எத்தனை தடவை மின்னும் என்பது மானியின் முகத்திலேயே எழுதியிருக்கும். 1600 என்று எழுதிய மானியில் ஒரு நிமிடத்துக்கு 16 தடவை மின்னினால் அந்த நேரத்தில் வீடு 600 வாட் இழுக்கிறது. ஒரு உபகரணத்தைப் போட்டு எண்ணி, நிறுத்தி எண்ணிப் பார்த்தால் அதன் இழுவை எவ்வளவு என்று விற்பனையாளர் சொல்லாமலே தெரிந்துவிடும்.

3. வயரிங் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்

வீட்டிலுள்ள எல்லாவற்றையும் நிறுத்தி, செருகிகளையும் கழற்றிவிட்டு மானியைப் பாருங்கள். விளக்கு மின்னக் கூடாது. எங்கள் வீட்டில், 1600 என்று எழுதிய மானியில், ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு தடவை மின்னியது. சின்ன விடயம் போலத் தோன்றும், ஆனால் கணக்குப் போட்டால் அது 37 வாட், இரவு பகலாக ஓடினால் மாதம் 27 அலகு. கிணற்று மோட்டருக்குப் போன வயர் மண்ணுக்குள் உரிந்து, மின்சாரம் நிலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்படியானால் ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். அது பழுதாகியிருந்தபோது யாரோ ஒருவர் அதைத் தவிர்த்து நேரே வயர் கொடுத்திருந்தார். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழ வேண்டிய சுவிட்ச் அது. அதன் ஐந்து மடங்கு கசிவோடு, ஈர நிலத்தில் வெறுங்காலோடு பிள்ளைகள் தண்ணீர் அள்ளிய நாட்களை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

என்விகியூ எனப்படும் தேசிய தொழில் தகைமையும் மின்வினைஞர் அனுமதிப்பத்திரமும் உள்ளவரைக் கூப்பிடுங்கள். புதிய ட்ரிப் சுவிட்ச், புவித்தொடுப்புக் கம்பி, மோட்டருக்குப் புதிய வயர், கூலி எல்லாமாக எனக்கு 21,000 ரூபா முடிந்தது. ஒரு வரிசையில் உள்ள பத்து வீடுகள் ஒன்றாகப் பேசினால் கூலி கணிசமாகக் குறையும். ஒரே ஒப்பந்தகாரர் கட்டிய வீடுகள் என்பதால் ஒரு வீட்டில் இருக்கும் குறை அடுத்த வீட்டிலும் இருப்பதற்கு இடமுண்டு. ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

4. கூரை

வெக்கையின் வேர் கூரை. மட்டக்களப்பு ஏறத்தாழ 7.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்பும், பின்னர் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். வருடம் முழுவதும் உச்சி வெயில் சுவரைவிடக் கூரையிலேயே விழுகிறது. தெளிந்த நாளில் நண்பகலில் ஒரு சதுர மீற்றருக்குச் சுமார் 1000 வாட். 500 சதுர அடி வீட்டின் கூரை, சரிவையும் தாழ்வாரத்தையும் சேர்த்தால் 60 சதுர மீற்றருக்கு மேல் வரும். அந்தச் சூட்டில் ஒரு பகுதி தகடு வழியாக இறங்கி உங்கள் தலைக்கு மேல் நிற்கிறது.

முதலில் ஓடாவி ஒருவரை ஏற்றி மரங்களைப் பாருங்கள். கறையான் தின்ற சிலாகையை மாற்றாமல் மேலே எதைச் செய்தாலும் வீண். கட்டுக்கம்பிகள், ஆணிகள், கொளுக்கிகள் துருப்பிடித்திருந்தால் மாற்றுங்கள். கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் இருக்கும் கல்லடி, காரைதீவு, திருக்கோவில் போன்ற இடங்களில் உப்புக்காற்று சாதாரண இரும்பை மிக விரைவில் தின்றுவிடும்.

மரம் நல்லதானால் மிகக் குறைந்த செலவில் அதிக பலன் தருவது வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு. இரண்டு பூச்சு வேண்டும். டப்பாவில் எழுதியிருக்கும் பரப்பளவு வழவழப்பான தளத்துக்கானது, நெளிந்த தகட்டுக்குக் கால் பங்கு கூட வாங்குங்கள். எனக்குப் பூச்சும் இருவரின் இரண்டு நாட் கூலியும் சேர்த்து 58,000 ரூபா. பணமில்லாதவர் சுண்ணாம்பு அடிக்கலாம், அதுவும் வேலை செய்கிறது, ஆனால் ஒரு மாரியோடு கழுவிப் போகும், ஒவ்வொரு தை மாதக் கடைசியிலும் திரும்ப அடிக்க வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் கூரை உள்ளவர்கள் இந்தப் பந்தியை இரண்டு முறை வாசியுங்கள். பாசியை எடுப்பதற்காகக் கம்பித் தூரிகையால் காயவைத்துத் தேய்க்காதீர்கள், அழுத்தத் தண்ணீர் அடிக்கும் இயந்திரத்தையும் பாவிக்காதீர்கள். இரண்டும் நாரைக் கிளப்பும், அந்த நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. மெல்லிய தண்ணீரால் நனைத்து, ஈரமாகவே மென்மையாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின்னர் பூசுங்கள். அரிவதும் துளைப்பதும் தவிர்க்க முடியாதவையானால் ஈரமாக வைத்து, கைவாளால், நல்ல முகமூடியுடன் செய்யட்டும். உடைந்த துண்டுகளை வேலிக்கும் கிணற்று மூடிக்கும் ஒழுங்கை நிரப்பவும் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். தடித்த பொலித்தீனில் சுற்றிக் கட்டி, எங்கே ஒப்படைப்பது என்று உள்ளூராட்சி மன்றத்தில் கேளுங்கள். தகட்டின் மீது நேரே கால் வைத்து ஏறுவதும் கூடாது, பழைய தகடு சொல்லாமல் உடையும். குறுக்கே பலகை போட்டு, சிலாகைக்கு மேலாக நடக்க வேண்டும்.

அஸ்பெஸ்டஸை முற்றாகக் கழற்றி உலோகத் தகடு போட நினைப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சீலிங் இல்லாத வீட்டில் நிறத் தகடு பழையதைவிடச் சூடாக இருக்கக்கூடும், மாரியில் பேச்சுக்கூடக் கேட்காது. போடுவதானால் வெள்ளை அல்லது மிக வெளிறிய நிறம் வாங்கி, அடியில் வெள்ளித்தாளும் சேர்த்துப் போடுங்கள். வெள்ளித்தாளின் மினுங்கும் பக்கத்துக்கு முன்னால் ஓர் அங்குலமாவது காற்றிடைவெளி இருக்க வேண்டும். தகட்டோடு ஒட்டிப்போட்டால் அது வெறும் தாள்தான். என் அயலவர் ஒருவர் அப்படித்தான் செய்து, காசு போச்சு என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சீலிங் அடிப்பவர்கள் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் உள்ள காற்று வெளியேற இரு முகட்டுச் சுவர்களிலும் வலை போட்ட துளை விடுங்கள். அடைத்துவிட்டால் அது இரவு முழுவதும் சூடு காக்கும் பெட்டியாகிவிடும்.

தாழ்வாரத்தை நீட்டும்போதும் கவனம் வேண்டும். 1978 நவம்பர்ப் புயலைக் கண்ட பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், காற்று கூரையை எங்கே பிடித்துத் தூக்கும் என்று சொல்வார்கள். இரண்டு அடிக்கு மேல் நீட்டுவதானால் தூணில் நிறுத்துங்கள், அல்லது வீட்டுக் கூரையோடு தொடுக்காமல் தனிப் பந்தலாக இறக்குங்கள். வீடு கடலிலிருந்து 300 மீற்றருக்குள் இருந்தால் கூட்டிக் கட்டும் வேலைகளுக்குக் கரையோரப் பாதுகாப்பு அனுமதி தேவைப்படலாம், தொடங்குமுன் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

காலம்: கூரை வேலை மாசி நடுவிலிருந்து ஆவணிக்குள். ஐப்பசி பிறந்துவிட்டால் மேசனும் வரமாட்டார், பூச்சும் காயாது.

5. சுவர், காற்று, நிழல்

மேற்குச் சுவர்தான் பின்னேர வெயிலை வாங்கி இரவில் திருப்பித் தருகிறது. அதற்கு நிழல் கொடுங்கள். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் காற்றும் மேற்கிலிருந்தே அனல்போல வருவதால், ஒரு வேம்போ கொடிப்பந்தலோ அந்தப் பக்கத்தில் நிற்பது இரட்டைப் பயன். வேம்பு பெரிதாக வருடங்கள் ஆகும், பாஷன் கொடி ஒரே வருடத்தில் பந்தலை மூடிவிடும். தென்னையைக் கூரைக்குக் கிட்ட வைக்காதீர்கள். வட இந்திய முறைப்படி எழுதிய குறிப்புகளைப் பார்த்து வடக்குச் சுவரை மறந்துவிடவும் வேண்டாம். நம் ஊரில் சித்திரை முதல் ஆவணி வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் நிற்கிறது.

நுளம்புக்குப் பயந்து காற்றுக்கல் துளைகளைக் கடதாசி மட்டையால் அடைத்திருக்கிறீர்களா? எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் அப்படித்தான். மட்டையை எடுத்துவிட்டு வலை அடியுங்கள். ஒரு வீட்டுக்கு 3,000 ரூபாவுக்குள் முடியும்.

6. உபகரணங்கள்: கணக்குப் போட்டு வாங்குங்கள்

பழைய சீலிங் விசிறி 75 வாட் அளவில் இழுக்கும். பிஎல்டிசி என்று கடைகளில் விற்கும் புதிய வகை 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாளுக்குப் பத்து மணித்தியாலம் என்றால் ஒரு விசிறியில் மாதம் 13.5 அலகு மிச்சம், இரண்டில் 27. நான் இரண்டை 35,000 ரூபாவுக்கு வாங்கினேன். வாங்கும்போது உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் திகதியும் இருக்கட்டும், உள்ளே இருக்கும் மின்னணுத் தட்டு பழுதானால் மாற்ற உள்ளூரில் ஆள் உண்டா என்றும் கேளுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியைப் புதிதாக வாங்குவதற்கு முன் பழையதன் கதவு இறப்பரைச் சோதியுங்கள். கதவுக்கிடையில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். இலகுவாக வந்தால் குளிர் அதன் வழியே போய்க்கொண்டிருக்கிறது. இறப்பர் மாற்றுவது மலிவு. பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, அடுப்புக்கும் மேற்குச் சுவருக்கும் எட்ட வையுங்கள். புதிதாக வாங்குவதானால் நட்சத்திரக் குறியீட்டைப் பாருங்கள். 9 வாட் எல்இடி விளக்கு பழைய 60 வாட் குமிழுக்கு ஈடு என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாடு முழுவதும் மின்தேவை உச்சத்தில் நிற்கிறது. அந்த நேரத்தில் சூரியன் இல்லை, நுரைச்சோலை நிலக்கரி நிலையமும் எண்ணெய் நிலையங்களும் எரிந்துகொண்டிருக்கின்றன. கூரையில் உள்ள சூரியத் தகடு பகலில் எவ்வளவு உற்பத்தி செய்தாலும் அந்த இரவுப் புகையை நேரடியாகக் குறைக்காது. இரவில் சுற்றும் விசிறி குறைவாக இழுத்தால் குறையும். மோட்டரையும் ஸ்திரிக்கைப் பெட்டியையும் பகலுக்கு மாற்றுவதற்குச் செலவே இல்லை.

விறகு எரிப்பவர்கள் மூன்று கல் அடுப்பை விட்டு இரு பானை வைக்கும் அனகி மண் அடுப்புக்கு மாறினால் விறகும் புகையும் குறைகின்றன. அந்த அடுப்பை மண்ணும் உமியும் குழைத்துச் சுற்றிப் பூசி வைக்காவிட்டால் சில மாதத்தில் வெடித்துவிடும்.

7. கடன் எடுப்பதானால்

சமுர்த்தி வங்கி, சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம், அரச வங்கிகள் ஆகியவற்றில் வீட்டுத் திருத்தக் கடன் கேட்கலாம். பொதுவாக இரண்டு பிணையாளர், வருமான உறுதிப்படுத்தல், வேலைக்கான மதிப்பீடு ஆகியவை கேட்பார்கள். காணியை ஈடு வைக்கும் கடனானால் அனுமதிப்பத்திரக் காணிக்குப் பிரதேச செயலாளரின் சம்மதமும் வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: வட்டி முழுத்தொகைக்கா, குறைந்து செல்லும் மீதிக்கா? ஒரு இலட்சத்தை 12 வீதத்தில் இரண்டு வருடத்துக்கு எடுத்தால், முழுத்தொகை முறையில் வட்டி 24,000 ரூபா, குறைந்து செல்லும் முறையில் ஏறத்தாழ 13,000 ரூபா. வாயால் சொல்லும் வீதம் இரண்டிலும் 12தான். வீடு வீடாக வரும் நுண்கடன்காரரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவருடைய முகத்தைப் பாருங்கள்.

8. கடைசியாகச் சூரியத் தகடு

மேலுள்ளவை முடிந்தபோது, மாதம் 110 அலகைத் தாண்டியிருந்த எங்கள் பாவனை 54க்கும் 63க்கும் இடையில் வந்து நின்றது. 60 அலகுக்குள் நிற்பவருக்கு மின்சாரம் மலிவான படியில் கிடைப்பதால், தகட்டுக்குப் போட்ட பணம் திரும்பி வர மிக நீண்ட காலம் செல்லும். அதனால் நாங்கள் போடவில்லை. ஆனால் பக்கத்து வளவில் தையல் இயந்திரங்களும் உறைபெட்டியும் வைத்துத் தொழில் செய்யும் என் மச்சாள், எல்லாக் கசிவையும் அடைத்த பின்னரும் 190 அலகு பாவித்தார். அவருக்கு 2 கிலோவாட் பொருத்தமாக இருந்தது. ஒரு கிலோவாட் நம் பகுதியில் மாதம் 100 முதல் 120 அலகு தரும், கூரையில் ஐந்தாறு சதுர மீற்றர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிலைபெறுதகு வலு அதிகார சபையில் பதிவுபெற்ற நிறுவனம்தானா என்று முதலில் பாருங்கள். மூன்று இடங்களில் விலை கேட்டு, தகடு, தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டர், தாங்கி, வயர், பாதுகாப்புச் சுவிட்ச், மானிக் கட்டணம், கூரை ஒழுக்குக்கான பொறுப்பு ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக எழுதப்பட்ட விலைமனு வாங்குங்கள். தாங்கிகள் அலுமினியத்திலோ துருப்பிடிக்காத உருக்கிலோ இருக்க வேண்டும். முற்பணத்தை, உங்கள் வரிசைக்கு மின்வழங்கும் மின்மாற்றியில் இடமிருக்கிறது என்ற மின் அலுவலகத்தின் அனுமதி எழுத்தில் வந்த பின்னரே கட்டுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் முழுவதும் திருப்பித் தரப்படும் என்ற வசனம் பற்றுச்சீட்டிலேயே இருக்கட்டும். என் 25,000 ரூபா அந்த ஒரு வசனம் இல்லாததால் போனது.

திட்ட வகையையும் தெரிவு செய்ய வேண்டும். நெற் மீற்றரிங் முறையில் மிஞ்சும் அலகுகள் உங்கள் கணக்கில் சேர்ந்து அடுத்த மாதங்களுக்குக் கழியும், காசு வராது. நெற் அக்கவுண்டிங் முறையில் மிஞ்சியதற்குப் பணம் வரும், ஆனால் அந்த விலை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டதே தவிர, விற்பனையாளரின் துண்டுப் பிரசுரத்தில் உள்ளதல்ல. ஒப்பந்தம் 20 வருடத்துக்குரியது என்பதால் அதில் கையெழுத்திடுபவரும் மின்கணக்கின் உரிமையாளரும் ஒருவராக இருக்க வேண்டும். முதலாம் படியை முதலில் வைத்ததன் காரணம் இதுதான். மின்கலம் இல்லாத இந்தத் தொகுதி மின்தடையின்போது நின்றுவிடும். அதை யாரும் மச்சாளுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

அவருக்கு விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து புதிய மானி பொருத்தும் வரை நான்கு மாதங்கள் சென்றன. தகடு பூட்டியது இரண்டு நாளில், மீதியெல்லாம் காத்திருப்பு. தகடு பூட்டப்பட்டும் மானி மாறாத இடைக்காலத்தில் தொகுதியை இயக்கிப் பார்க்கச் சொல்பவர்களுக்குச் செவிகொடுக்காதீர்கள். ஒரு திசையில் மட்டும் எண்ணும் மானிகளில், நீங்கள் வெளியே அனுப்பும் அலகும் பாவித்த அலகாகப் பதியப்படக்கூடும்.

9. மாரிக்கு முன்

ஒவ்வொரு புரட்டாதியிலும் ஏணி வைத்து ஏறி, கூரையின் கொளுக்கிகளையும் சூரியத் தகட்டுத் தாங்கிகளின் ஆணிகளையும் இறுக்குங்கள், பீலியில் உள்ள சருகை அள்ளுங்கள். முதல் பெருமழை இரவில் ரோர்ச் லைற்றை எடுத்து உள்ளிருந்து முகட்டைப் பாருங்கள். ஒழுகும் இடத்தைக் கரிக்கட்டியால் அடையாளமிட்டு வைத்தால், மழை விட்ட பின்னர் மேசனுக்கு இடத்தைக் காட்ட முடியும். பற்றுச்சீட்டுகள், உத்தரவாத அட்டைகள், ஒப்பந்தம், மானிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெள்ளம் ஏறும் வீடானால் அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள்.